படிக்கட்டு வரைந்த படுதா

தாராவி, மும்பை - 17
06.01.2025

திரு. தளவாய் அவர்களுக்கு,

வணக்கம். ராஜபாண்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், களக்காட்டில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். பேசி இருபத்தேழு வருடம் ஆகிவிட்டதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். உங்கள் நம்பரை யாசரிடம் வாங்கி ஒன்பது தடவை அடித்தேன். யாசர் என்றால் நம் அடுத்த வீட்டு ஷாகுல் ஹமீது பாயின் மகன். முதல் தடவை எடுத்தீர்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பிறகு எடுக்கவே இல்லை. குரல்தானே பிடிக்கவில்லை, கையெழுத்தையாவது பார்க்கட்டும் என்று எழுதுகிறேன். பழசைக் கிளறுவதற்காக இல்லை, ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இத்துடன் நான்கு படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் நானும் சொர்ணம்மாளும், அவள் கல்யாணமாகி இங்கே வந்த முதல் பொங்கல். ஒன்றில் ஷாலினிக்கு முதல் பிறந்தநாள். ஒன்றில் நம் சந்தின் எட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக நிற்கிறோம். கடைசியில் நீங்களும் நானும் தோளில் கைபோட்டு நிற்கிறோம். அதை ஷாகுல் பாய் எடுத்தார், அதனால்தான் உங்கள் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. மற்ற மூன்றும் நீங்கள் எடுத்தவை. நான்கிலும் பின்னால் அதே பளிங்குப் படிக்கட்டு, இரண்டு தூண், ஒரு பூந்தொட்டி.

நீங்கள் வேலை பார்த்த மாட்டுங்கா ஸ்டூடியோவில் கிழிந்துபோய்த் தூக்கிப்போட்ட படுதா அது. நீங்கள்தான் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஊருக்கு அனுப்பும் படத்தில் தகரமும் சாக்கடையும் தெரியக்கூடாது என்று சந்தில் யார் படம் எடுத்தாலும் முதலில் அதைக் கட்டுவோம். என் வாசலுக்கு மேல் அடித்த இரண்டு ஆணியில்தான் அது தொங்கும். தாராவித் தமிழர்கள் எட்டுக் குடும்பமும் ஒரே பங்களாவில் இருக்கிறார்கள் என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள் என்று ஷாகுல் பாய் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சந்து இப்போது உங்களுக்கு அடையாளம் தெரியாது. பாய் இறந்து ஆறு வருடம் ஆகிறது. யாசர் மூன்று மாடி எழுப்பித் தையல் மெஷின் போட்டிருக்கிறான். மற்றவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு நெருள், பாண்டுப் என்று போய்விட்டார்கள். அன்றைக்கு இருந்த வீட்டுக்காரர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். உங்கள் வீட்டை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, இப்போது அதில் பிளாஸ்டிக் உருக்குகிறார்கள். அந்த நாற்றத்தில்தான் சொர்ணம்மாள் காலையில் இட்லி அவிக்கிறாள். சைக்கிள்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு சயான் வரை விற்கிறார்கள். நான் பெல்ட் பட்டறையை முன்னறையிலேயே வைத்திருக்கிறேன். மாடியில் ஷாலினியும் அவள் பிள்ளையும்.

இப்போது ஏரியா முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். செய்தியில் பார்த்திருப்பீர்கள். சர்வே எடுக்க வந்து கதவில் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கு முன்னாலிருந்து இதே வீட்டில் இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் இங்கேயே வீடு. இல்லையென்றால் ஊருக்கு வெளியே எங்கேயோ அனுப்புவார்களாம். வீடு வாங்கிய பத்திரம் 2005 வெள்ளத்தில் போய்விட்டது. கரண்ட்டை பாயின் மீட்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம், அதனால் பில்லும் என் பேரில் கிடையாது. வக்கீல் மகேஷ்குமார் நம் பகுதியில் பிறந்து வளர்ந்த பையன். வீட்டு நம்பர் தெரிகிற பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, பார்ப்போம் என்றான். பெட்டியைக் கொட்டித் தேடினோம். நாற்பது படத்துக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றிலும் படிக்கட்டுதான் இருக்கிறது.

படுதா கட்டாமல் நீங்கள் எடுத்தது ஒரே ஒரு படம். தொண்ணூற்றேழு ஜூனில் ஷாலினி முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது வாசலில் எடுத்தது. பின்னால் கதவும் முனிசிபாலிட்டிக்காரர்கள் தாரில் எழுதிய நம்பரும் இருக்க வேண்டும், ஓரத்தில் தேதியும் விழுந்திருக்கும். அந்தப் படத்தை நான் கிழித்துப்போட்டது உங்களுக்குத் தெரியும். நெகடிவ் உங்களிடம் இருந்தால் அனுப்பிவைக்கவும். பிப்ரவரி பதினெட்டாம் தேதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
சு. ராஜபாண்டி

•

தாராவி, மும்பை - 17
24.01.2025

தளவாய்க்கு,

உன் கவர் நேற்று வந்தது. சொர்ணம்மாள் சந்து முனையிலேயே வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தாள். பிரித்தால் நான் அனுப்பிய நாலு படமும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது, ஒரு வரி இல்லை. தரையில் விழுந்திருக்குமோ என்று அவள் குனிந்து தேடினாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு தொண்ணூறு அடி ரோட்டில் போய் நின்றேன். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் என்றால் ராத்திரியே ரயில் ஏறி உன் வாசலில் வந்து கத்தியிருப்பேன். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

'நீங்கள்' போட்டு எழுதியது எனக்கே கசந்தது. இனி நீ என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வீட்டில் யாரும் படிக்க முடியாது. சொர்ணம்மாளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஷாலினி தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி பஸ் போர்டைக்கூடப் படிக்கமாட்டாள். பேரனுக்கு எல்லாம் இந்தி. அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

போன கடிதத்தில் வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டேன். வெள்ளம் கொண்டுபோனது ஒரு பத்திரம்தான். ரேஷன் கார்டு பத்திரமாக இருக்கிறது. ஓட்டர் கார்டு இருக்கிறது. ஷாலினியின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாண்டுப் விலாசம். பெரியப்பா மகன் வானமாமலை அண்ணன் இருந்தாரே, பாண்டுப்பில் மூன்றாம் மாடி, அந்த விலாசம். தாராவி என்று எழுதினால் ஊரில் மதிப்பு இல்லை, வேலைக்குக் கூப்பிடமாட்டான், பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று நான்தான் எங்கே போனாலும் அதையே எழுதிக்கொடுத்தேன். ஊரிலிருந்து வரும் கடிதம்கூட அங்கேதான் வரும், ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய் வாங்கி வருவேன். நீ அப்பவே சொன்னாய், இருக்கிற இடத்தை எழுதுடே, இதுல என்ன இருக்கு என்று. உன் கார்டில் மட்டும் தாராவி என்று இருந்தது.

போன வாரம் ஷாலினி எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். அப்பா, நான் இந்த வீட்டில்தானே பிறந்து வளர்ந்தேன், ஏன் ஒரு காகிதத்தில்கூட நாம் இங்கே இல்லை என்று. தோல் வெட்ட வேண்டியிருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். தளவாய், சர்க்கார் கணக்குப்படி நான் தாராவியில் குடியிருந்ததே கிடையாது. அதற்கு ஏற்பாடு செய்தவனும் நான்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

வேறு யாரிடமாவது படம் இருக்கிறதா என்று ஊரில் எல்லோருக்கும் போன் போட்டபோது வள்ளியூரில் தங்கச்சி செல்லத்தாயையும் கேட்டேன். ஷாலினி பையோடு வாசலில் நிற்கிற படம் என்றதும் எந்தப் படம், எந்தப் படம் என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, அண்ணே, அதைத் தளவாய் அண்ணன் யாருக்கும் காட்டல, நான்தான் கேட்டு வாங்கினேன் என்றாள்.

அந்த வருடம் ஊர்க் கோயில் ஆடிக் கொடைக்கு நீ போனபோது அவள் உன்னிடம் வந்து, எத்தனையோ படம் வருது, எதுலயும் எங்க அண்ணன் வீட்டுக் கதவைக் காணோமே, ஒரு தடவை பாக்கணும் என்று கேட்டாளாம். நீ அதைக் கொடுத்தாயாம். அப்போது அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவர்கள் இளைய பையனை என் பம்பாய் பிளாட்டில் தங்கவைத்து வேலைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். பிளாட்டே இல்லை என்று கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால், அண்ணே, அவர்கள் வீட்டில் என் தலையைத்தான் உருட்டுவார்கள், அதனால் நானே மாப்பிள்ளையின் அம்மா கையில் படத்தைக் கொடுத்தேன் என்றாள். அவர்கள் எழுந்து போனதும் அழுதுகொண்டே உன்னிடம் வந்து, அண்ணனுக்கு நான்தான்னு தெரிஞ்சா கொன்னுபோடும், சொல்லிராதீங்க என்று சத்தியம் வாங்கினாளாம்.

நீ சொல்லவில்லை. நீ காட்டிய படத்தால்தான் சம்பந்தம் முறிந்தது என்று எனக்கு ஊரிலிருந்து சேதி வந்திருந்தது. அவர்கள் போட்டுவிட்டுப் போன படத்தோடு நீ திரும்பி வந்த அன்று சந்தில் எட்டு வீடும் பார்க்க உன் சட்டையைப் பிடித்தேன். படத்தைக் கிழித்து உன் முகத்தில் எறிந்தேன். அடித்தேன். தோளில் கிடந்த காமிராவைப் பிடுங்கிக் குழாயடிக் கல்லில் அடித்து உடைத்தேன். அது உன் காமிராகூட இல்லை, ஸ்டூடியோ முதலாளி வெங்கடராமனுடையது. அதோடு உன் வேலையும் போயிற்று. அப்போதும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றவாளி எப்படிப் பேசுவான் என்று நான் சந்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் நீ வீட்டை விற்றுவிட்டுப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இதை வீட்டுக்காக எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். வீடும்தான், பொய் சொல்ல மாட்டேன். சொர்ணம்மாளுக்கு அறுபது வயது ஆகிறது. இந்தச் சந்தை விட்டால் யாருக்கு இட்லி அவிப்பாள்? ஷாலினி புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்தவள். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது ஒரு மாடி அறை. அதுவும் இப்போது அத்தாட்சி இல்லாத அறை. பட்டறையில் உட்கார்ந்தால் இந்தக் கைக்குக் கத்தி பிடிக்க வரவில்லை.

அந்தக் கை ஒரு காலத்தில் உன்னை அடித்ததற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லு. போனை எடுத்துத் திட்டு. படம் இல்லை, எறிந்துவிட்டேன் என்றால் அதையாவது ஒரு கார்டில் எழுது. உன் பிள்ளைகள் நல்ல விலாசத்தில் நீண்ட நாள் இருக்கட்டும்.

ராஜபாண்டி

•

தாராவி, மும்பை - 17
09.02.2025

அன்பு மாப்ளே தளவாய்க்கு,

நெகடிவ் வந்து சேர்ந்தது. இந்தத் தடவையும் நீ ஒரு வரி எழுதவில்லை. ஆனால் தினசரிக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றி, அட்டை வைத்துத் தைத்திருந்தாய். ஸ்டூடியோவில் நீ நெகடிவ்வைக் கட்டி வைக்கிற அதே தினுசு. இருபத்தேழு வருடம் வைத்திருந்திருக்கிறாய். சொர்ணம்மாள் அதைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

இப்போதெல்லாம் நெகடிவ்வைப் பார்த்தால் கடைக்காரப் பையன்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் மாட்டுங்காவுக்கே போனேன். வெங்கடராமன் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். கடையைப் பேத்தி ஷ்ருதி பார்த்துக்கொள்கிறாள், பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும்தான். கிழவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நீங்கதானே அந்தக் காமிராவை உடைச்சேள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தளவாய் மாதிரி ஒரு பையன் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, பேத்தியிடம் ஸ்கேன் பண்ணி நன்றாகப் போட்டுக் கொடு என்றார். அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படத்தை இன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்க்கிறேன். அன்றைக்குக் கிழிக்கிற அவசரத்தில் எங்கே பார்த்தேன். ஷாலினிக்கு முன்பல் இரண்டும் இல்லை. பை அவள் முழங்கால் வரை தொங்குகிறது. காலடியில் சாக்கடைப் பலகை, பக்கத்தில் சொர்ணம்மாளின் இட்லிக் கொப்பரை கவிழ்த்து வைத்திருக்கிறது. ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் தேதி, 97 என்று தெளிவாக இருக்கிறது. கதவும் இருக்கிறது.

நம்பர் இருக்கிற இடத்தில் படுதா இருக்கிறது, மாப்ளே.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. பிள்ளை சிரிக்கிறாள், அப்படியே எடுக்கிறேன் என்று நீ சொன்னாய். இருடே, படுதாவை இழுத்துவிட்டுக்கிடுதேன் என்று நான் கத்திக்கொண்டே ஓரத்திலிருந்து அதை இழுத்தேன். நீ அதற்குள் எடுத்துவிட்டாய். படத்தின் இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு படுதாவைப் பிடித்து இழுக்கிறது. படிக்கட்டின் ஒரு துண்டு வந்து கதவில் பாதியை மூடியிருக்கிறது. நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வெளியே தெரிகிறது, 12 என்று. முன்னால் இருப்பதெல்லாம் படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டது. அந்தக் கையில் ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது.

மெஷினில் என் விரல் போனபோது என்னை சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாலினிதான் முதலில் கவனித்தாள். படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள், பிறகு என் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், பாண்டுப் விலாசத்தில் ஆரம்பித்து உன்னை அடித்தது வரை. அந்த அங்கிளிடம் போய் நீங்கள் நேரில் மன்னிப்புக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

மகேஷ்குமாரிடம் படத்தைக் காட்டினேன். இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, 12 என்று முடிகிற கதவு தாராவியில் நூறு இருக்கும் என்றான். யாசர் வந்து சொல்கிறேன் என்றான், ஆனால் அப்போது அவனுக்கு ஆறு வயது. அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர், அந்த விலாசத்தில் தன் பேருக்கு ரேஷன் கார்டு வைத்திருப்பவர், நேரில் வந்து இது இன்னார் வீடு, இந்தக் கை இன்னார் கை என்று கையெழுத்துப் போட்டால் கேட்பார்கள், அப்போதும் நிச்சயம் சொல்ல முடியாது என்றான் மகேஷ்குமார். அப்படி ஒருவர் இருக்கிறாரா அண்ணாச்சி என்று கேட்டான். இருக்கிறார் என்று சொன்னேன்.

உன் பழைய ரேஷன் கார்டில் 113 என்று இருக்கும். அதை நீ எறிந்திருக்க மாட்டாய், ஒரு நெகடிவ்வையே எறியாதவன். பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு விசாரணை. நாகர்கோவில் வண்டியில் வந்தால் தாதரில் இறங்கு. எந்த நாள் என்று நீ சொல்ல வேண்டாம், பதினைந்தாம் தேதியிலிருந்து தினமும் அந்த வண்டி வரும் நேரத்துக்கு நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். உனக்குப் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடிக்க வேண்டுமென்றால் சந்துக்கு வந்து எல்லோரும் பார்க்க அடி, அன்றைக்குப் பார்த்தவர்களில் யாரும் இப்போது இல்லை, இருந்தாலும் அடி. சொர்ணம்மாள் உன் வீட்டுக்காரியையும் கூட்டிவரச் சொல்கிறாள், மாடியில் ஷாலினி அறையை ஒழித்துத் தருகிறாளாம்.

உன்னால் வர முடியாமல் போனாலும் எனக்கு உன்மேல் வருத்தம் இருக்காது. நான் அன்றைக்கு அந்த ஆபீசில் போய் நின்று கையை மேசைமேல் வைப்பேன். இந்த வீட்டை மறைத்தவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வேன். ஆனால் மாப்ளே, நான் சொல்வதை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? இத்தனை வருடமும் எல்லாக் காகிதத்திலும் பொய் எழுதிக்கொடுத்த கை அது. அந்தக் கை எந்த வீட்டு வாசலில் இருந்து நீண்டது என்று பார்த்தவன் நீ ஒருவன்தான்.

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன்,
ராஜபாண்டி
112, தாராவி